அடித்த கைக்கு முத்தம்

வால்தம்ஸ்டோ, லண்டன்
13-10-1991

யேசு மரி சூசை

அன்பின் எமில்டா அக்கா,

நீங்களும் அப்பாவும் திருச்சியில் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முதியோர் இல்லத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. வெள்ளைக்காரக் கிழவிகளைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சோறூட்டுகிறேன். அப்பா அங்கே எல்லாரிடமும் "மகள் நேர்ஸ்" என்று சொல்கிறாராம். சொல்லட்டும்.

அண்ணைக்கும் சுகம்தான். மன்னாரில் அரசாங்கக் கச்சேரியில் தனக்கென்று மேசை வைத்திருந்த மனிதர் இங்கே பெற்றோல் ஸ்ரேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார். அவருடைய கையில் படக்கூடாதென்று சிலர் காசைத் தட்டில் எறிகிறார்கள். முதலாளிக்கு பெனடிக்ற் என்ற பெயர் வாயில் நுழையவில்லையாம், "பென்" என்று கூப்பிடுகிறான். எல்லாவற்றுக்கும் "யெஸ் சேர்" சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறார். வீட்டில் அவர்தான் ராசா.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. அண்ணை அனெற்றை அடிக்கிறார். குட்டு, காதுத் திருகல் இல்லை அக்கா. பெல்ட்டால். தான் பெற்ற எட்டு வயதுப் பிள்ளையை.

போன சனிக்கிழமை யேசுரட்ணம் அண்ணை குடும்பத்தோடு வந்திருந்தார். எங்கள் தமிழ்ப் பூசைக்குப் பொறுப்பானவர் அவர்தான். அண்ணை ஏதோ இங்கிலிஸ் சொல் ஒன்றைப் பிழையாக உச்சரித்தார். அனெற் சிரித்துக்கொண்டு திருத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணையும் சிரித்தார். விருந்தாட்கள் போய்க் கதவு சாத்தியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செபமாலை முடிய அப்பாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று தோத்திரம் சொல்லிக் கையை முத்தமிட வேண்டும். அடி வாங்கிய நாளிலும் அப்படித்தான், அடித்த கைக்கே, அழாமல். அண்ணை அதை அப்படியே இங்கே கொண்டு வந்து வைத்திருக்கிறார். பிள்ளை என் பக்கம் திரும்பி, "மாமி, அடிச்சதுக்குத் தாங்க் யூ சொல்ல வேணுமோ?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அண்ணை, "உன்ரை மாமியும் சொன்னவள்தான். கேட்டுப் பார்" என்றார்.

உண்மைதானே. நானும் சொன்னவள்தான்.

நீங்கள் மூத்தவர். அம்மா செத்த பிறகு எங்களை வளர்த்தவர். உங்கள் சொல்லைத்தான் அவர் கேட்பார். ஒரு கடிதம் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
பெர்னடெற்


பாலக்கரை, திருச்சி
20-11-1991

யேசு மரி சூசை

அன்பின் தங்கை பெர்னடெற்றுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். நான் கன்னியர் மடத்தில் தையல் படிப்பிக்கப் போய் வருகிறேன். இங்கே மழை. முகாமில் இருக்கிற எங்கள் சனம் பாவம், கூரையெல்லாம் ஒழுக்கு. நாங்கள் வெளியே வாடகைக்கு இருப்பது ஒரு கொடை.

உன் கடிதத்தை அப்பாதான் உடைத்து வாசித்தார். வாசித்து முடித்த பிறகு என்னிடம் தந்தார். இந்தக் கடிதத்தையும் அவர்தான் தபாலில் போடப் போகிறார்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அப்பா எழுதச் சொல்கிறார். அந்நிய நாட்டில் பெண்பிள்ளையை வளர்க்கிற தகப்பனுக்கு ஆயிரம் பயம் இருக்கும் என்றும், நீ கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்றால்தான் அது விளங்கும் என்றும் சொல்கிறார். தம்பி உன்னைக் கூப்பிட்டு எடுத்து, வீட்டில் வைத்துச் சோறு போடுகிறான் என்பதை மறவாதே என்கிறார்.

அனெற்றுக்கு முதல் நாள் குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்துப் போடு. சுடுதண்ணி ஒற்றடம் அடுத்த நாள்தான். தோல் வெடித்திருந்தால் எண்ணெய் பூசாதே, எரியும். குப்புறப் படுக்க விடு. பருத்திச் சட்டை போடு. எங்கெங்கே பட்டது என்று நீ எழுதவில்லை. தலைப் பக்கம் படாமல் பார்த்துக்கொள். மற்ற எதுவும் ஆறும்.

தம்பிக்கும் மெற்றில்டாவுக்கும் என் அன்பு. பிள்ளைக்கு முத்தம்.

உன் அக்கா,
எமில்டா


வால்தம்ஸ்டோ
14-12-1991

அன்பின் அக்கா,

உங்கள் சுகத்தை விசாரிக்கிறேன். இந்த முறை என் சுகம் சொல்லுகிறபடி இல்லை.

பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சிக்கு உடுப்பு மாற்றும்போது அனெற்றின் முதுகை ரீச்சர் கண்டுவிட்டார். பெல்ட்டின் வளையம் பட்ட இடம் வளையமாகவே கன்றியிருந்தது. பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கிற கவுன்சிலுக்குப் பள்ளிக்கூடம் அறிவித்து, அங்கிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். திங்கட்கிழமை திரும்பி வந்து என்னைத் தனியாகக் கேட்கப் போகிறார்கள்.

அவர்கள் போனதும் அண்ணை, "படியிலை விழுந்தவள். விளங்குதோ? படியிலை விழுந்தவள்" என்றார்.

"படியிலை பெல்ட் போட்டு வைச்சிருக்கிறமோ அண்ணை?" என்று கேட்டேன். என்னையும் அடிக்கக் கை ஓங்கினார். ஏனோ இறக்கிவிட்டார்.

மெற்றில்டா மச்சாள் என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய் அழுதா. "எங்கடை அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. அவரைப் பொலிஸ் பிடிச்சா நானும் பிள்ளையும் எங்கை போறது? நீ தனி ஆள், உனக்கென்ன" என்றா. எனக்கு அவவில் கோபம் வரவில்லை. பயந்த மனுசி.

கோபம் வந்தது யேசுரட்ணம் அண்ணையில்தான். பூசை முடிய என்னை மறித்து, "தங்கச்சி, வீட்டுக் குப்பையை வெள்ளைக்காரன்ரை முற்றத்திலை கொட்டாதை. அவங்களுக்குப் பிள்ளை வளக்கத் தெரியுமோ? நாங்கள் அடி வாங்கி வளரேல்லையோ? கெட்டே போனம்?" என்று கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் ஆட்கள் நற்கருணை வாங்க நிற்கிற வரிசையைப் பார்க்கிறேன் அக்கா. அதில் எத்தனை பெண்கள் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கெட்டே போனமாம்.

தலைப் பக்கம் படாமல் பார்த்துக்கொள் என்று எழுதினீர்கள். உங்கள் இடது காது ஏன் கேட்பதில்லை என்று யார் கேட்டாலும், காய்ச்சலில் போனது என்று சொல்லி வந்தோம். அப்போது எனக்கு ஐந்து வயது. அந்த வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை.

உங்கள் பதில் வருமுன் திங்கட்கிழமை போய்விடும். இருந்தாலும் கேட்கிறேன். நான் என்ன சொல்ல?

பெர்னடெற்


பாலக்கரை, திருச்சி
6-1-1992

யேசு மரி சூசை

மகள் பெர்னடெற்றுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் என் கையில் கிடைத்தது. அதை எமில்டாவிடம் நான் கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையுமில்லை.

நான் முப்பது வருடம் தலைமை ஆசிரியனாக இருந்தவன். மன்னாரில் நான் பிரம்பெடுத்த பிள்ளைகள் இன்றைக்கு டொக்டர், என்ஜினியர், ஒருவர் குருவானவர். ஒருவரும் என்னைப் பற்றிக் கவுன்சிலில் முறையிடவில்லை. நடுத்தெருவில் கண்டால் இன்றைக்கும் சைக்கிளை விட்டு இறங்குவார்கள்.

வேதத்தின் நாலாம் கற்பனையை, தாய் தகப்பனை மதித்து நட என்ற கட்டளையை, உனக்கு நான்தான் படிப்பித்தேன். தாய் தகப்பனுக்குச் சொல்லப்பட்டது, தகப்பனுடைய இடத்தில் இருக்கிற தமையனுக்கும் பொருந்தும். உன்னைச் சண்டைக்குள் இருந்து எடுத்து லண்டனில் கால் வைக்கச் செய்தவன் அவன். அந்த நன்றி உன் உயிர் உள்ளவரை தீராது. தோலில் விழுந்த தழும்பு மாறிவிடும். குடும்பத்தின் பெயரில் விழுந்தது மாறாது.

தமையன் சொன்னபடி சொல். இதற்கு மறுமொழி தேவையில்லை.

ஞானரட்ணம்


லூயிஷாம்
9-2-1992

அன்பின் அக்கா,

விலாசம் மாறியிருக்கிறது, பாருங்கள். இதை வீட்டுக்கு அனுப்பவில்லை. மடத்துச் சிஸ்டர்மாருக்குப் போட்டு, உங்கள் கையில் கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன். டிசம்பரில் நான் எழுதியது உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று அப்பாவே எழுதியிருந்தார். அதனால் அதையும் திரும்ப எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். முதலில் அதை வாசியுங்கள்.

நான் உண்மையைச் சொன்னேன். அப்பாவின் கடிதம் வருவதற்கு முன்னமே சொல்லிவிட்டேன். முந்தி வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்று நினைக்கத்தான் ஆசை. தெரியாது.

அன்றைக்குப் பின்னேரமே அண்ணை என் சூட்கேசை வாசலில் வைத்துவிட்டார். எறியவில்லை. மடித்து அடுக்கித்தான் வைத்திருந்தார், என் குளிர்ச் சப்பாத்தைக்கூடக் கடதாசியில் சுற்றி. "இனி எனக்குத் தங்கச்சி இல்லை" என்றார். அனெற் மேலே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் கவுன்சிலில் பெரிய கூட்டம் வைத்தார்கள். பொலிஸ் எச்சரிக்கையோடு விட்டது. பிள்ளையை எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்தப் பயம் எல்லாருக்கும் இருந்தது. அதற்குப் பதிலாக, அடுத்த கூட்டம் வரைக்கும் அண்ணை வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஞாயிறுகளில் இன்னொரு பெரிய ஆள் பக்கத்தில் இருக்கத்தான் பிள்ளையைப் பார்க்கலாம். இப்போது ஒரு கோழிக்கடைக்கு மேலே அறை எடுத்து இருக்கிறார். மச்சாள் போனில் என் குரலைக் கேட்டால் வைத்துவிடுகிறா. கோவிலில் நான் இருக்கிற வாங்குப் பலகையில் ஒருவரும் வந்து இருப்பதில்லை. கால் நீட்டி இருக்கலாம்.

இந்த அறையை எடுத்துத் தந்தது என்னோடு வேலை செய்கிற தெரெசிட்டா. பிலிப்பைன்ஸ்காரி, எங்களைப்போல் கத்தோலிக்கர். சாப்பாட்டு வேளையில் அவவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கை முத்தமிடுகிற கதை வந்ததும் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டா. அவர்களுடைய வீடுகளில் பிள்ளைகள் பெரியவர்களின் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைப்பார்களாம். நல்ல வழக்கம்தான். அடித்த பிறகும் அந்தக் கையை எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் அவவுடைய தகப்பன் சேர்த்தது. நன்றி, வெட்கம், குடும்பப் பெயர் என்ற இந்த மூன்றையும் வைத்து எங்களைக் கட்டிப்போட்ட மாதிரித்தான் அவர்களையும் கட்டிப்போட்டிருக்கிறார்கள். கடல் தாண்டியும் கயிறு ஒன்றுதான்.

அவவும் புருசன் நெஸ்ரரும் வியாழக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். தாய் தகப்பன்மார் வேதம் வாசித்துக் கதைக்கிற கூட்டம். அங்கேதான் ஒன்றைக் கண்டேன். தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படியச் சொல்லிவிட்டு, அப்போஸ்தலர் சின்னப்பர் அடுத்த மூச்சில் தகப்பன்மாருக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறார், பிள்ளைகளை நோகடித்து அவர்களுடைய மனதைக் கசக்க வைக்க வேண்டாம் என்று. அப்பா எங்களுக்கு மேல் வரியை மனப்பாடமாக்கினார். கீழ் வரியை ஏன் ஒரு நாளும் வாசிக்கவில்லை? முப்பது வருடத் தலைமை ஆசிரியருக்குக் கீழ் வரி தெரியாதா?

எனக்கு எழுதுங்கள் அக்கா. திட்டியாவது எழுதுங்கள்.

பெர்னடெற்


லண்டன்
15-3-1992

யேசு மரி சூசை

அன்பின் அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

உங்கள் செபத்தால் இங்கே எல்லாரும் நலம். எனக்கு வேலை அதிகம். வேலைத்தலத்துக்குக் கிட்ட ஓர் அறை எடுத்து இடைக்கிடை அங்கே தங்குகிறேன், போக்குவரத்துக்குச் சுகம். மெற்றில்டாவுக்குச் சுகம். பெர்னடெற் லூயிஷாம் பக்கம் வசதியான இடம் கிடைத்துப் போயிருக்கிறாள். அனெற் வளர்ந்துவிட்டாள். ஜூனில் முதல் நற்கருணை. நன்றாகப் படிக்கிறாள்.

புது வருசத்துக்கு உங்கள் அயல்வீட்டுப் போனுக்கு நாங்கள் எடுத்தது நினைவிருக்கும். பெரிய மாமி ஏன் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பக் கேட்கிறா என்று அனெற் அண்டைக்கே கேட்டாள். காய்ச்சலில் ஒரு காது போய்விட்டது என்று சொன்னேன். போன ஞாயிறு பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனபோது திரும்பவும் கேட்டாள், "எந்தக் காய்ச்சல்?" என்று. இந்த நாட்டுப் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். என்ன காய்ச்சல் என்று சொல்வது?

அப்பாவின் மாத்திரையைக் கவனியுங்கள். தோத்திரம்.

பெனடிக்ற்


லூயிஷாம்
26-4-1992

அன்பின் அக்கா,

பாஸ்கா வாழ்த்து. உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கடிதம் கிடைத்ததாகச் சிஸ்டர் எழுதியிருக்கிறா. அது போதும், நீங்கள் வாசித்திருக்கிறீர்கள்.

ஒரு செய்தி. அண்ணை அந்த வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தார்.

தகப்பன்மாருக்கு ஒரு வகுப்பு இருக்கிறது, வாருங்கள் என்று கவுன்சில்காரி முதலில் கேட்டிருக்கிறா. "வெள்ளைக்காரி எனக்குப் பிள்ளை வளக்கப் படிப்பிக்கிறதோ" என்று எழும்பிவிட்டாராம். பிறகு தெரெசிட்டா போய் மச்சாளைப் பார்த்து, மச்சாள் அவரிடம் சொல்லி, கோவில் மண்டபம்தானே என்று வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார். நெஸ்ரர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டார். கோப்பையோடு எங்கே ஓடுவது?

முதல் இரண்டு கிழமையும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் கிழமை நெஸ்ரர் தன் கதையைச் சொன்னார். ஊரில் தகப்பன் அடித்தது, இங்கே வந்து தான் மூத்த மகனை அடித்தது, ஒரு நாள் பொடியன் தன்னைக் கண்டு மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டது, பிறகு தான் அவனிடம் மன்னிப்புக் கேட்டது. இதைச் சொல்லும்போது அந்த ஆள் அழவில்லை. அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து, இருந்த கதிரைகளை அடுக்கும்போது அண்ணை அவரைக் கேட்டார், "உங்கள் தகப்பன் உங்களிடம் மன்னிப்புக் கேட்டாரா?"

"இல்லை. செத்துப்போனார்."

"பிறகு நீங்கள் ஏன் மகனிடம் கேட்டீர்கள்? உங்களுக்கு ஒருவரும் தராததை?"

நெஸ்ரர் கையில் இருந்த கதிரையை அடுக்கின் மேல் வைத்தார். "எனக்குத் தரவேண்டியவர் செத்துவிட்டார். மகன் உயிரோடு இருக்கிறான். கடவுள் என்னிடம் அவனைத்தான் கேட்பார், அப்பாவை அல்ல" என்றார்.

அண்ணை கடைசிக் கதிரையை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னார், "பஸ் வரும். குளிருக்குள்ளை நிக்காதை, போ." தங்கச்சி இல்லையென்று சொன்ன பிறகு என்னோடு கதைத்த முதல் வார்த்தை.

பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை அக்கா. அவர் இன்னும் "நான் அவ்வளவு ஒண்டும் செய்யேல்லை" என்றுதான் மச்சாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் காதைப் பற்றி அனெற் கேட்டதையும் மச்சாள்தான் தெரெசிட்டாவிடம் சொல்லியிருக்கிறா. அந்த ஒரு கேள்வியில்தான் நித்திரை கொள்ளாமல் கிடக்கிறாராம். அதற்கு நீங்கள் மட்டும்தான் பதில் சொல்லலாம். சொல்லாமல் விடுவதும் உங்கள் உரிமை. நான் இதற்கு மேல் வற்புறுத்த மாட்டேன்.

பெர்னடெற்


கன்னியர் மடம், திருச்சி
17-5-1992

யேசு மரி சூசை

அன்பின் தம்பி பெனடிக்றுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. கோழிக்கடைக்கு மேலே அறை என்றால் புகை வரும், ஜன்னலைத் திறந்து வை.

ஓம், எனக்கு எல்லாம் தெரியும். தங்கை எழுதினாள். உன்னைக் காட்டிக் கொடுக்க எழுதவில்லை. இதை மடத்துத் தையல் அறையில் இருந்து எழுதுகிறேன்.

காய்ச்சல் இல்லை என்று அனெற்றுக்குச் சொல்.

நீ பூசைக்கு உதவப் போகாமல் கடற்கரையில் பந்தடித்த நாள். அப்பா பிரம்பைத் தேடினார், கிடைக்கவில்லை. கையால் வந்தார். நான் குறுக்கே நின்றேன். நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாய். அது உன் பிழையில்லை, உனக்குப் பத்து வயது. அன்று செபமாலை முடிய நான் அந்தக் கையை முத்தமிட்டேன். காதுக்குள் இருந்த இரைச்சலில், தோத்திரம் என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொல் என்றார். சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டு சம்பந்தம் வந்து, காது கேளாத பெண் என்று போய்விட்டது. அதையும் நான் ஆண்டவருடைய சித்தம் என்று சொல்லி வந்தேன். ஆண்டவர் மேல் பழி போட்டிருக்கிறேன், பாவம் அவர்.

தம்பி, நான் உன்னை மறித்து நின்றது, நீ வளர்ந்து இன்னொரு பிள்ளைக்கு அதைச் செய்வதற்காக இல்லை.

இதை எழுதுமுன் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். முதுகுக்குப் பின்னால் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சாப்பிட்டு முடியப் பார்த்திருந்து, "அப்பா, அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் வரேல்லை" என்றேன். எந்த அண்டைக்கு என்று அவர் கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டார். சில நாள் என்னோடு கதைக்கவில்லை. நானும் சமைத்து வைத்தேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். செபமாலை முடிந்ததும் தோத்திரம் சொல்லாமல் எழும்பிப் போனேன். வீடு இடிந்து விழவில்லை.

போன திங்கட்கிழமை நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அப்பா குசினி வாசலில் வந்து நின்றார். "எந்தக் காது?" என்று கேட்டார்.

இத்தனை வருசமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவருக்கு எந்தக் காது என்று தெரியவில்லை.

"இடது" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இதை மன்னிப்புக் கேட்டது என்று நீ எண்ணாதே, நானும் எண்ணவில்லை. அவர் கேட்பாரோ கேட்கமாட்டாரோ, எனக்குத் தெரியாது. அவருக்கு வயது போய்விட்டது. உனக்குப் போகவில்லை.

பிள்ளைக்கு நான் தைத்த சட்டையை அனுப்புகிறேன். சட்டைக் கை முழங்கைக்கு மேலே நிற்கும். மறைக்க ஒன்றும் இருக்கக்கூடாது என்று அப்படித் தைத்தேன்.

உன் அக்கா,
எமில்டா


லூயிஷாம்
23-6-1992

அன்பின் எமில்டா அக்கா,

சுகமாக இருங்கள். நான் சுகம். உங்கள் கடிதத்தை அண்ணை எனக்குக் காட்டவில்லை, வாசித்ததாக மட்டும் சொன்னார். நான் கேட்கவுமில்லை.

சனிக்கிழமை நடந்ததை நான் கண்டபடி எழுதுகிறேன். அடுத்த நாள் அனெற்றுக்கு முதல் நற்கருணை. முதல் நாள் பின்னேரம் பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் முன்னால் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்கிற எங்கள் வழக்கம்தானே, மச்சாள் அதை விடவில்லை. யேசுரட்ணம் அண்ணை குடும்பம் வந்திருந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தா. கவுன்சில் சொன்னபடி பக்கத்தில் இருக்க வேண்டிய பெரிய ஆளாகத் தெரெசிட்டா வந்திருந்தா. ரோல்ஸும் கேக்கும் மேசையில் இருந்தன. நீங்கள் தைத்த சட்டை பிள்ளைக்கு அளவாக இருந்தது.

அனெற் முதலில் மச்சாளிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம் வந்தாள், எதுக்கு மன்னிப்பு என்று கேட்டேன், "உங்கடை சொக்கலேற்றை எடுத்தனான்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். பிறகு அண்ணைக்கு முன்னால் வந்து நின்றாள். நின்றாள், அவ்வளவுதான். முழங்கால் மடியவில்லை.

"போ பிள்ளை, அப்பாட்டைக் கேள்" என்றா மச்சாள்.

"முழங்கால்லை நில்லு. நாளைக்கு ஆண்டவரை வாங்கப் போறாய், அடம்பிடிக்கக் கூடாது" என்றார் யேசுரட்ணம் அண்ணை.

அண்ணை, "விடுங்கோ அண்ணை" என்றார். நாடகம் போலக் காலில் விழவில்லை. சப்பாத்துப் போட இருக்கிற சின்ன ஸ்ரூலை இழுத்து, அவளுடைய உயரத்துக்கு இருந்தார்.

"நான் உன்னை அடிச்சது பிழை. நீ ரீச்சருக்குக் காட்டினது பிழையில்லை. சின்ன மாமி சொன்னதும் பிழையில்லை. பெரிய மாமிக்குக் காய்ச்சல் வரேல்லை, என்ரை அப்பா அடிச்சதிலைதான் காது போனது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டும் உனக்கு அடிச்சனான். என்னை மன்னிச்சுக்கொள்."

யேசுரட்ணம் அண்ணையால் பொறுக்க முடியவில்லை. "என்ன பெனடிக்ற், தகப்பன் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேக்கிறதோ? எங்கையாவது இல்லாத வழமை."

"எங்கடை வீட்டிலை இல்லாத வழமை எண்டு சொல்லுங்கோ" என்றார் அண்ணை. "சீடர்மாரின்ரை காலைக் கழுவின ஆண்டவர் செய்யாத வழமை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

யேசுரட்ணம் அண்ணையின் மனுசி அவரைப் பார்க்காமல் தன் சட்டைக் கையின் நுனியை இழுத்து விட்டுக்கொண்டு இருந்தா.

அனெற் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அண்ணை காத்திருந்து பார்த்துவிட்டு, அடுத்ததைக் கேட்டார். போன கிழமைக் கூட்டத்தில் கவுன்சில்காரர், பிள்ளைக்கும் தாய்க்கும் சம்மதம் என்றால் அவர் வீட்டுக்குத் திரும்பலாம் என்று சொல்லியிருந்தார்கள். மச்சாள் சம்மதம் என்று சொல்லிவிட்டா. அண்ணை வாயால் கேட்டார், "நான் திரும்பி வீட்டை வரலாமோ?"

அனெற் தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவரை நேரே பார்த்து, "இப்ப வேண்டாம், அப்பா" என்றாள்.

அக்கா, மச்சாளின் கை தன்பாட்டில் போய்ப் பிள்ளையின் தோளைப் பிடித்தது. நான் கதிரையை விட்டு அரைவாசி எழும்பிவிட்டேன். இத்தனை பேருக்கு முன்னால், அதுவும் யேசுரட்ணம் அண்ணைக்கு முன்னால், ஒரு பிள்ளை அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவருடைய முகம் கறுத்தது. அந்தக் கறுப்பு எனக்கும் உங்களுக்கும் தெரிந்த கறுப்பு. சிறுவயது முழுக்கப் பார்த்தது.

அவர் ஸ்ரூலில் இருந்து எழும்ப நேரம் எடுத்தார்.

"சரி" என்றார். "நாளைக்குக் கோவிலுக்கு வாறன். பின் வாங்கிலை இருக்கிறன். அடுத்த ஞாயிறும் வருவன். நீ சொல்லும்வரைக்கும் கேக்கமாட்டன்."

கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கதவை அடித்துச் சாத்தவில்லை. ஜன்னலால் பார்த்தேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் போய், அங்கே மதிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். தெரெசிட்டா பின்னால் போனா.

யேசுரட்ணம் அண்ணை தன் கேக்கைத் தொடவில்லை. மச்சாள் அழுதுகொண்டே தேத்தண்ணி ஊற்றினா. அனெற் மேசைக்குப் போய் ஒரு ரோல்ஸை எடுத்தாள், சட்டையில் எண்ணெய் படாமல் கடதாசியில் பிடித்துக்கொண்டு முழுவதையும் தின்றாள், இன்னொன்றும் எடுத்தாள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பிறகு பசியோடு இருந்து சாப்பிட்டதை நான் அண்டைக்குத்தான் கண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
பெர்னடெற்